சைக்கிள் ட்யூப் சுற்றிய மவுஸ்

மச்சான்,

சைக்கிள் ட்யூப் துண்டு சுற்றிய உன் மவுஸ் இப்போது என் மேசையில் இருக்கிறது. நீ மவுத்தாகி, எங்களை விட்டுப் போய் வருஷம் முடிகிறது. உன் மனைவி போன வாரம் சாய்ந்தமருதிலிருந்து உன் மடிக்கணினியோடு சேர்த்துக் கொண்டுவந்து தந்தார். ரப்பர் மணம் இன்னும் போகவில்லை. “மவுஸுக்கும் பஞ்சர் ஒட்டிட்டியாடா?” என்று அன்று நான் கேலி செய்தபோது, நீ சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினாய்.

கல்முனை பஸாரில், அந்த மேல்மாடி அறையில் நம் நெல் ஆலைக் கணினி விளையாட்டைத் தொடங்கிய காலம் நினைவுக்கு வருகிறது. நான் வாரத்துக்கு ஒரு கருவி செய்துகொண்டு வருவேன். மூட்டை எண்ண ஒன்று, நெல்லைச் சுமந்து ஓடும் பெல்ட் நிரம்பினால் நிறுத்த ஒன்று, இரண்டு பெல்ட்டுக்கு முறை மாற்றிவிட ஒன்று. திரையின் அடியில் பொத்தான்கள் பெருகப் பெருக எனக்குப் பெருமை தாங்கவில்லை. நீ பிளேன்டீயை ஊதிக் குடித்தபடி அரைமணி நேரம் விளையாடிவிட்டுக் கேட்டாய்: “இது வந்ததால விளையாடுறவனுக்குப் புதிசா என்ன யோசன வருது, சொல்லு பாப்பம்?”

மூன்றையும் தூக்கிவிட்டு நீ ஒரு கதவை வைத்தாய். முன்னால் நிரம்பினால் மூடும், குறைந்தால் திறக்கும். வேறொன்றும் தெரியாத கதவு. சம்மாந்துறை வயலில் வாய்க்காலை மறித்துத் தண்ணீர் பாய்ச்சுவதைப் பார்த்து வந்த யோசனை என்றாய். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் உன்னோடு கதைக்கவில்லை.

விளையாட்டு வெளிவந்ததும் ஆட்கள் இரண்டு கதவுகளை எதிரெதிரே வைத்து முறை மாற்றினார்கள். நாலைந்தை வரிசையாக வைத்து மூட்டை எண்ணினார்கள். நாம் கனவிலும் காணாத ஆலைகளைக் கட்டி நமக்கே படம் அனுப்பினார்கள். என் கருவிகளுக்கு ஆளுக்கொரு வேலைதான். உன் கதவுக்கு முடிவே இல்லை. உன்னைப்போல் ஒரு மூளையை நான் இன்னும் காணவில்லை. இதை நீ இருக்கும்போதே சொல்லாதது என் மடத்தனம்.

மடிக்கணினியில் நீ கடைசியாகச் செய்த கருவி இருந்தது. ஒரு பெட்டி. ஆலைக்குள் எங்கே வைத்தாலும், எந்த நெல் எங்கே போகவேண்டுமோ அதைத் தானே அனுப்பிவிடும். பெல்ட்டும் வேண்டாம், கதவும் வேண்டாம்.

“அவர் கடைசியாச் செஞ்சது, காக்கா. எப்படியாவது இதைச் சேத்திருங்க” என்றார், என்னைக் கூடப்பிறந்த அண்ணனாகவே கூப்பிடும் உன் மனைவி.

எனக்கும் அதே ஆசைதான். உன் பெயரையே அதற்கு வைக்க இருந்தேன். ஆனால் விளையாடிப் பார்த்தால், கொஞ்ச நேரத்தில் ஆலை தானாக ஓடுகிறது, நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்கிறேன். உன் கேள்வியிலேயே உன் பெட்டி தோற்றுப்போனது. என் கருவி ஒன்றையும் விட்டுவைக்காத நீ இதை ஏன் செய்தாய் என்று கோபம்கூட வந்தது. உன் மனைவியிடமே கேட்டேன்.

“அவருக்குக் கை நடுங்கத் தொடங்கிட்டு, காக்கா. பெல்ட்ட இழுத்து இழுத்துப் போட ஏலாமப் போயிட்டு. மவுஸ் வழுக்குதெண்டுதான் ட்யூப் சுத்தினாரு. உங்களுக்கிட்டச் சொல்ல வேணாமெண்டாரு.”

உன் மனைவி போன பிறகு, பள்ளியில் அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்கும்வரை அழுதேன்.

பெட்டியைப் போடவில்லை, மச்சான். காரணத்தைச் சொன்னபோது உன் மனைவி, “ஓம், அவரெண்டாலும் தூக்கித்தான் இருப்பாரு” என்றார். பெட்டிக்குப் பதிலாக, பெல்ட்டின் இரண்டு முனையையும் ஒவ்வொரு முறை தட்டினால் நடுவில் அதுவே ஓடிச் சேரும்படி செய்தேன். இழுக்கத் தேவையில்லை. எங்கிருந்து எங்கே என்பதை மட்டும் விளையாடுகிறவர் யோசிக்கவேண்டும். ஒரு பொத்தானும் கூடவில்லை. உன் மவுஸால்தான் சோதித்துப் பார்த்தேன்.

எதைச் சேர்ப்பதென்றாலும் உன் கேள்வியைத்தான் கேட்கிறேன். அதற்கு முன்னால் இப்போது இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன்: இதைப் பிடிக்கப்போவது யாருடைய கை?

பெல்ட்டை இப்படி மாற்ற மூன்றே நாள் வேலை, மச்சான்; நீ இருக்கும்போதே செய்திருக்கலாம். அன்று நான் மவுஸைப் பார்த்துச் சிரித்தேன், கையைப் பார்க்கவில்லை.