கோடு வரைக்கும்

செப்டெம்பர் 14, ஞாயிறு

காலை முழுக்க மூடுபனி. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வரிசையின் கூரை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது, தெரியவில்லை. எட்டுப் பெண்களுக்கு எட்டுக் கேன் கொடுத்தாயிற்று. அம்மாவுக்கு மூன்றாம் இலக்கம்.

நாளைக் காலையிலிருந்து செவ்வாய்க் காலை வரை போகும் சிறுநீர் முழுவதும் கேனில். ஒன்றரை லீட்டரில் நீலக் கோடு போட்டிருக்கிறேன். "நல்லா தண்ணி குடிக்கிறவங்களுக்கு ஒரு நாளைக்கு இந்தக் கோடு வரைக்கும் வரணும்" என்று விளக்கினேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான்.

கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் மலையில் தண்ணீர் குடிப்பதில்லை. ஒதுங்க இடமில்லை. சிறுநீரகம் என்ன ஆகிறது? இதுதான் ஆய்வு. கேள்வித்தாளில் எல்லோருடைய பதிலும் ஒன்றே: "நல்லா குடிப்போம் டாக்டர்." அதனால்தான் கேன்.

22ஆம் திகதி பதுளை ஆஸ்பத்திரியில் என் ஆய்வை மேற்பார்க்கும் சேரிடம் முடிவுகளைக் காட்ட வேண்டும். அவர் கையெழுத்திட்டால் எம்.டி. பயிற்சியோடு பி.எச்.டி.யும். இல்லையென்றால் இந்த வருட இடம் போயிற்று.

அம்மா: "அதான் டாக்டராயிட்டியே, இன்னும் என்ன டாக்டரு?"

செப்டெம்பர் 16, செவ்வாய்

இரவு டியூட்டி முடிந்து நேரே பஸ். பண்டாரவளையில் தூக்கம், அப்புத்தளையில் விழிப்பு, மறுபடி தூக்கம். பெரகலச் சந்தியில் யாரோ தட்டி எழுப்பினார்கள்.

எட்டுக் கேனும் கோடு வரை! ஒன்றுகூடக் குறையவில்லை. அளந்து எழுதி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சின்னப் போத்தல். பக்கத்து வீட்டுச் சரசு அக்கா, "பாத்தியா, நாங்க ஒன்னைய விட்டுக் குடுப்போமா?" என்றார்.

திரும்பும்போது போத்தல்கள் மடியில். வெலிமடைப் பக்கமிருந்து வந்த கரட் லொறி ஒன்று பனிக்குள் மெல்லக் கரைந்து போயிற்று. கனவில் லயத்து வாசல்தோறும் ஒரு கேன், உள்ளே மஞ்சள் வெளிச்சம்.

வாங்க வேண்டியவை: சவர்க்காரம், நீலப் பேனை, அம்மாவுக்குக் கால் வலி எண்ணெய்.

செப்டெம்பர் 17, புதன்

லெப் முடிவு. எட்டும் ஏறக்குறைய பச்சைத் தண்ணீர். யாருக்கும் இப்படி வராது.

மாலை அம்மாவுக்கு ஃபோன். முடிவைச் சொன்னேன். அம்மா: "கோடு வரைக்கும் வரணும்னியே. யாருக்கும் அம்புட்டு வரல. சரசுதான் சொன்னா, கொறஞ்சா புள்ளைக்கு அரைப்பேரு போட்டுருவாங்க, பைப்புத் தண்ணிய ஊத்துங்கடின்னு."

நிறுவையில் குறித்த கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் அன்று அரைப்பேர், அரை நாள் வேலைதான் கணக்கு. சின்ன வயதில் அம்மா வரும் நடையை வைத்தே அன்று முழுப்பேரா அரைப்பேரா என்று சொல்லிவிடுவேன். அந்த நான்தான் நீலப் பேனையால் கோடு போட்டேன்.

சிரிப்பதா அழுவதா தெரியாமல் ஜன்னலில் நின்றேன். பதுளையில் நல்ல வெயில்.

செப்டெம்பர் 18, வியாழன்

ரவுண்ட்ஸ் முடிந்ததும் சேரிடம் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"தண்ணி கலந்தவையோ? என்னத்துக்கு?"

அரைப்பேர் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. "திங்கக்கிழமை மாறாது, பிள்ளை. ஏலுமெண்டா திருப்பி எடும்."

மாலை தோட்டம். பைப்படியில் எட்டுப் பேரும். புதுக் கேன்கள், கோடு இல்லாமல். பேசத் தயாரித்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. வந்தது இது:

"நானும் குடிக்கிறதில்லக்கா. காலைல எட்டு மணியிலேருந்து ரெண்டு மணி வரைக்கும். ரவுண்ட்ஸ் நடுவுல பாத்ரூம் போறேன்னு சொல்ல வெக்கமா இருக்கு."

சரசு அக்கா: "அடிப் பாவி! ஒனக்கு கக்கூசு கட்டடத்துக்குள்ளயே இருக்குமேடி!"

சிரித்த சிரிப்பில் ஒருத்தரின் குடம் கவிழ்ந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. காலையில் அரைக் கோப்பைத் தேத்தண்ணி. நாக்கு ஒட்டினால் ஒரு கொழுந்தைக் கிள்ளி மெல்லுவது. கங்காணி அந்தப் பக்கம் திரும்பும்வரை அடக்குவது. கேள்வித்தாளில் இதில் எதற்கும் கட்டம் இல்லை.

செப்டெம்பர் 20, சனி

எட்டுக் கேன், எட்டு அளவு. பாதி, கால், அதற்கும் கீழே. மூன்றாம் இலக்கம்: இரண்டு விரல் உயரம், பால் விடாத சாயத் தேத்தண்ணி நிறம்.

முதலில் வந்தது சந்தோஷம். அதை எழுதித்தான் ஆக வேண்டும். உண்மையான முடிவு, என்று மனம் துள்ளியது. ஒரு மூச்சு நேரம்.

பிறகுதான் அம்மாவின் கால்களைப் பார்த்தேன். கணுக்காலை அமுக்கினேன். குழி விழுந்தது, மெல்லத்தான் நிரம்பியது; நீர் வீக்கம். ஒரு வருடமாக எண்ணெய் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

"என்னடி, கொறஞ்சிருச்சா?"

"இல்லம்மா. சரியா இருக்கு."

செப்டெம்பர் 22, திங்கள்

லேசான தூறல். சேர் முடிவுகளை இரண்டு தடவை வாசித்தார். மூன்றாம் வரியில் சிறுநீரில் புரதம், இரண்டு கூட்டல் குறி; சிறுநீரகம் பழுதாகிறது. விரல் அங்கே நின்றது.

"இது ஆர்?"

"எங்க அம்மா, சேர்."

அந்த வரியை நானே வெட்டினேன். அம்மா இனி ஆய்வில் இல்லை, கிளினிக்கில். மீதி ஏழு பேர். கையெழுத்துப் போட்டார்.

நான் போகவில்லை. அங்கேயே நின்றேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு தடவையும் கேட்காததைக் கேட்டேன்.

"வியாழக்கிழமை அரை நாள் லீவு வேணும், சேர்."

"அதுக்கு ஏன் நடுங்குறீர்? கூட்டிக்கொண்டு வாரும்."

ஃபோனில் அம்மாவுக்கு: வியாழன், காலை பஸ், இரத்தப் பரிசோதனை, நானும் கூடவே இருப்பேன்.

"ஒனக்கு அன்னிக்கி அரைப்பேருதானே?"

"ஆமாம்மா."

கொஞ்சம் யோசித்துவிட்டு, இரகசியம்போல: "அப்ப நான் நெறையா தண்ணி குடிச்சிட்டு வந்துர்றேன். நல்லா வரும்ல?"