ஐஸ் வைக்கக் கூடாத ரத்தம்

நைனாவுக்கு மும்பைலருந்து மேகலா எழுதறது. தோணிரேவுல மழை விட்டுச்சா? ஏரித் தண்ணில ஊறி வெடிச்ச உன் கால் ஆறிடுச்சா? நான் நல்லாதான் இருக்கேன், கொஞ்சம் அசதி.

போன வாரம் கதிர்வீச்சு பட்ட ஒரு தொழிலாளியோட ரத்தம் எங்க லேபுக்கு வந்துச்சு. எவ்வளவு பட்டிருக்குன்னு நாங்கதான் பார்த்துச் சொல்லணும். ட்யூபைக் கையில வாங்கினதும், நீ இறாலுக்குப் பண்ற மாதிரியே ஐஸ் பெட்டியைத் திறந்துட்டேன். மேடம் கத்தின கத்துல கை அப்படியே நின்னுடுச்சு. ரத்த அணு உயிரோட இருந்தாதான் வளர வெச்சுப் பார்க்க முடியும். இது இறால் இல்ல நைனா, நண்டு. உயிரோடதான் வந்து சேரணும்.

பயப்படாத, அந்த ரத்தத்தால எனக்கு ஒண்ணும் ஆகாது. மைக்ரோஸ்கோப்புல குனிஞ்சு குனிஞ்சு கழுத்துதான் வலிக்குது. தைலம் அனுப்பு. கூட ரெண்டு கருவாடும் வை. ஹாஸ்டல்ல சமைக்க விடமாட்டாங்க, மோந்து பார்த்துக்கறேன்.

முடிவு நேத்து வந்துச்சு, நல்லா இல்ல. அந்த ஆளோட பொண்ணு லேபுக்கே போன் பண்ணி, "எங்கப்பா பொழைச்சுக்குவாரா"ன்னு கேக்குது. டாக்டரைக் கேளும்மான்னு சொல்லி வெச்சுட்டேன்.

வேலைக்கு நேரமாச்சு. போன் பண்ணலன்னு கோச்சுக்காத. பேசினா என் குரலை வெச்சே கண்டுபிடிச்சுடுவ.

மேகலா