வள்ளம் வள்ளமாக வரும் பதிலையும் பதிவேட்டில் ஏற்க வேண்டி

அனுப்புநர்:
ஜெ. பெபிஷா (வயது 34),
வயர்லெஸ் பொறுப்பாளர்,
அந்தோணியார்துறை மீனவர் சங்கம்,
தேங்காய்ப்பட்டணம் அருகில்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மேற்பார்வை அதிகாரி அவர்கள்,
தென்கரை கடல் அழைப்பு நிலையம்,
இராஜாக்கமங்கலம் வட்டாரம்.

பொருள்: எங்கள் சங்கத்து வயர்லெஸ் செட்டை 20.09.2013 அன்று ஒப்படைக்கும்படி வந்த உத்தரவை ரத்து செய்யவும், ஒரு வள்ளத்தின் பதிலை மற்றொரு வள்ளம் சொன்னாலும் ஏற்கவும் கோருதல்.

பார்வை: தங்கள் நிலைய உத்தரவு, நாள் 11.09.2013.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் நிலையத்துப் புதிய கோபுரத்தின் குரல் முப்பது கடல் மைலுக்கு அப்பாலும் தெளிவாகக் கேட்கிறது. அதற்கு எங்கள் நன்றி. ஆனால் எங்கள் வள்ளங்களில் இருப்பது கைக்குள் அடங்கும் செட். அதன் குரல் ஒன்பது, பத்து மைல் போனாலே பெரிது. ஆகவே தினமும் காலை ஏழு மணிக்கு வள்ளங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் தங்கள் அழைப்பு அவர்களை எட்டும். அவர்கள் பதில் தங்களை எட்டாது. இதில் யார் மேலும் குற்றமில்லை.

2. போன வழியே பதில் திரும்பாது என்று தெரிந்ததும் எங்கள் ஆட்கள் வேறு வழி கண்டார்கள். பல நாள் கடலிலேயே தங்கித் தொழில் செய்யும் வள்ளம் பதில் சொன்னால், கரைப்பக்கம் அடுத்து நிற்கும் வள்ளம் அதைக் கேட்டு அடுத்ததற்குச் சொல்லும். கடைசியில் எங்கள் சங்கத்து மொட்டைமாடிக் கம்பத்துக்கு வரும். நான் தொலைபேசியில் தங்கள் நிலையத்துக்குச் சொல்வேன். நான்கு ஆண்டுகளாக ஒரு பதிலும் தவறியதில்லை. வடசேரி பேருந்து நிலையத்தில் பேருந்து நுழையும் வழி ஒன்று, வெளியேறும் வழி வேறு. நுழைந்த வழியே திரும்பவில்லை என்று யாரும் பேருந்தைக் காணாமல் போனதாக எழுதுவதில்லை.

3. கடந்த 27.08.2013 அன்று என் தம்பி ஜஸ்டஸின் ‘சமாதான மாதா’ வள்ளம் இருபத்தெட்டு மைல் தொலைவில் எந்திரம் பழுதாகி நின்றது. உள்ளே ஐந்து பேர். அவன் சொன்னதைத் தேங்காய்ப்பட்டணம் சுஹைலின் வள்ளம் கேட்டது. சுஹைல் சொன்னதை, கரையிலிருந்து பத்து மைலில் தம் வள்ளத்தோடு நின்ற எங்கள் துறைச் சிலுவைதாசன் கேட்டு என்னிடம் சொன்னார்: “ஏட்டி பெபிஷா, ஜஸ்டஸுக்க வள்ளத்துல மெஷின் போச்சு. ஆளுவ அஞ்சும் சொகந்தான். வேகம் கரையில சொல்லு.” நான் உடனே சொன்னேன். தங்கள் நிலையத்தில் கிடைத்த விடை: “அந்த வள்ளமே பேச வேண்டும்.”

4. மூன்று மணி நேரம் மன்றாடிய பிறகு என் தகவல் ஏற்கப்பட்டது. அப்போது நிலையம் என் மூலம் சிலுவைதாசனிடம் “எந்த இடம்?” என்று கேட்டது. அவர் தாம் நின்ற இடத்தைச் சொன்னார். மீன் கிடைக்கும் பாரை, அதாவது கடலடிப் பாறையை, அடுத்தவனுக்கு உரியது என்றால் திறந்த அலைவரிசையில் யாரும் சொல்வதில்லை. அது எங்கள் வழக்கம். ஜஸ்டஸ் நின்ற இடத்தைத்தான் கேட்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. இந்தத் தவறில் எங்கள் பங்கை நான் மறைக்கவில்லை.

5. தேடும் படகு பத்தாவது மைலில் ஒன்றரை நாள் சுற்றியது. என் தம்பியின் வள்ளமோ நீரோட்டத்தில் தெற்கே போய்க்கொண்டிருந்தது. தங்கள் நிலையம் “சமாதான மாதா, பதில் சொல்” என்று அழைத்த ஒவ்வொரு அழைப்பும் அவர்களுக்குக் கேட்டது. பேட்டரி தீரும்வரை ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்களாம். இறுதியில் சுஹைலே தேடிச் சென்று கட்டி இழுத்து வந்தார்.

6. இவ்வளவுக்கும் பிறகு, பிற வள்ளங்களின் செய்தியைக் கடத்தியதாகக் கூறி எங்கள் செட்டைக் கேட்கிறீர்கள். தலைவலி போக வேண்டும் என்று தலையையே எடுத்துவிடலாமா? குறை இடத்தைக் கேட்டதில்தான். யாருடைய பதில், எந்த வள்ளம் சொல்கிறது, இருவரும் தனித்தனியே எங்கே நிற்கிறார்கள் என நான்கு கட்டங்கள் கொண்ட படிவம் தயாரித்து இணைத்துள்ளேன். இடத்தை வெளியே விடுவதில்லை என்று தாங்கள் உறுதி தந்தால், எங்கள் ஆட்களைச் சொல்ல வைப்பது என் பொறுப்பு. என்னால் முடியும்.

7. 20ஆம் தேதி எங்கள் துறையின் பதினொரு வள்ளங்கள் கடலில் இருக்கும். அவை கரை சேரும்வரை செட்டை ஒப்படைக்க இயலாது என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன். நடவடிக்கை எடுப்பதானால் என் ஒருத்தி மேல் எடுங்கள். சங்கத்தின் மேல் வேண்டாம்.

8. எந்திரத்தைச் சரிசெய்து என் தம்பி மீண்டும் போயிருக்கிறான். இன்று காலை ஏழு மணி அழைப்பில் ‘சமாதான மாதா: பதில் இல்லை’ என்று தங்கள் பதிவேட்டில் எழுதியிருப்பீர்கள். பதில் உண்டு, ஐயா. சுஹைல் கேட்டு, சிலுவைதாசன் கேட்டு, ஏழேகாலுக்கு என்னிடம் வந்தது. ஐந்து பேரும் நலம். சனிக்கிழமை காலை கரைக்கு வருகிறார்கள். இம்மனுவுடன் நான் நேரில் நிற்கிறேன். முதலில் அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள். மற்றவற்றைப் பிறகு விசாரித்துக்கொள்ளலாம்.

இடம்: அந்தோணியார்துறை
நாள்: 18.09.2013

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) ஜெ. பெபிஷா

இணைப்பு: படிவ மாதிரி ஒன்று.