ஆடிப் பதினெட்டுக்குள் ஒரு டயர்

ஆடி 8, வியாழன்

விடிந்ததிலிருந்து காற்று. கொல்லைக் கூரையில் இரண்டு கீற்று பறந்து பக்கத்து வீட்டு மாட்டின் மேல் விழுந்தது. மாடு பேசாமல் இருந்தது, மாட்டுக்காரி பேசினாள். ஆஸ்பத்திரியில் நூறு பேர் இருக்கும். எல்லாம் சிரங்கு. களிம்பு தீர்ந்தது. கம்பவுண்டர் என்னைத் திட்டினால் களிம்பு வந்துவிடும் என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை.

சாயங்காலம் மோட்டார் சைக்கிள் மேல் கிடந்த சாக்கை எடுத்துப் பார்த்தேன். எட்டு மாதமாக அசையவில்லை. முன் டயர் தேவலை. பின் டயர் பக்கவாட்டில் நாலு விரல் நீளத்துக்கு வெடிப்பு. உள்ளே நூல் தெரிகிறது.

அடுப்படியிலிருந்து பாவாயி: "ஏனுங்க, ஆடிப் பதினெட்டுக்கு மோகனூர் காவிரிக்குப் போறமுங்களா?"

"டயர் இல்லை."

"எங்கண்ணன்கிட்டக் குடுத்து வெச்சது என்னாச்சுங்க?"

மறந்தேவிட்டேன்! சண்டை மலேயாவுக்குள் வருவதற்குச் சற்று முன்பு சேலத்தில் வாங்கிய புது டயர். இந்த ஓட்டு வீட்டுச் சூட்டில் ரப்பர் வெடித்துவிடும் என்று, பரமத்திப் பக்கம் தோட்டத்தில் இருக்கிற மச்சான் மாரப்பனிடம் கொடுத்தேன். அவருடைய ஓலைச் சாளையில் எப்போதும் குளிர்ச்சி. இப்போது புதிது வாங்க பெர்மிட் வேண்டும். கம்பவுண்டருக்குப் பெர்மிட் கிடையாதாம். டாக்டருக்கு உண்டு, அவரிடம் மோட்டார் சைக்கிள் கிடையாது. நல்ல சர்க்கார்.

மச்சானுக்கு ஆள் சொல்லி அனுப்பினேன். பெட்ரோல் கூப்பன் சேர்த்து வைத்தது போக வர போதும்.

ஆடி 9, வெள்ளி

பாவாயியைப் பார்த்த சேலத்துப் பெரிய டாக்டரிடமிருந்து பதில். எங்கள் டாக்டர் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். கொடுத்தவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். வயிற்றில் கட்டி. கத்தி வைக்கிற கட்டம் தாண்டிவிட்டது. தைப் பொங்கல் வரை என்பதே அதிகம்.

வீட்டுக்கு வந்து பா.விடம் குடல் புண் என்றேன். மோர் நிறைய குடிக்க வேண்டும் என்றேன். பதினேழு வருடம் மருந்து கலக்கிக் கொடுத்துச் சமாதானம் சொன்ன வாய், பொய் சரளமாக வருகிறது.

"அப்ப மோகனூருக்குத் தடை இல்லீங்களே?" அவளுக்கு அதுதான் கவலை.

கட்டில் போட்டு மாட்டு வண்டியில் கூட்டிப் போகிறேன் என்றேன். "மாட்டு வண்டீல போறதுக்கு சந்தைக்கே போலாமுங்க" என்றாள்.

அவள் சொல்வது நியாயம். மேட்டூர் அணை வேலை முடிந்து ஊருக்குக் கப்பல் ஏறிய வெள்ளைக்கார இன்ஜினியரிடம் இந்த வண்டியை வாங்கின வருடத்திலிருந்து ஆடிப் பதினெட்டுக்கு இதில்தான் போனோம். முதல் தடவை, வழியில் அணியாபுரத்தில் ஊரே கூடி நின்று பார்த்தது. ஒரு கிழவர், "பொம்பளையப் பின்னால கட்டிக்கிட்டுப் பேயாட்டம் போறான் பாரு" என்றார். அவள் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது. போன இரண்டு வருடமும் பெட்ரோல் இல்லை, டயர் இல்லை, சாக்குப்போக்கு. போயிருக்கலாம். ஏதாவது செய்து போயிருக்கலாம்.

இந்த வருடம் போயே ஆக வேண்டும்.

ஆடி 11, ஞாயிறு

ஆத்திரம். எழுதினால் அடங்கும்.

பத்து மணிக்கு மச்சான் வந்தார். தோளில் டயர், வேட்டித் துணியில் சுற்றி. பக்கத்தில் வந்ததும் வாடை. புங்கெண்ணெய்!

"எப்படி வெச்சிருக்கறேன் பாருங்க மாப்பிள்ளை," என்று அவிழ்த்தார். "கெணத்துச் சாலுக்குப் போடறப்பல்லாம் இதுக்கும் ஒரு கை போட்டுருவனுங்க. மாசம் தவறுனதில்லை. ஒரு வெடிப்பு உண்டா பாருங்க!"

வெடிப்பு இல்லை. டயரே இல்லை. கட்டை விரலை வைத்தால் களியில் இறங்குவது போல் இறங்குகிறது. ஓரம் ஊதி நூல் வேறு ரப்பர் வேறு. எலி கடிக்கக் கூடாது என்று முளையில் தொங்கவிட்டதில் முட்டை வடிவம்.

தண்ணீர் இறைக்கிற தோல் சாலுக்கு எண்ணெய் போட்டால்தான் உயிர். ரப்பருக்கு எண்ணெய் எமன். இது அவருக்கு எப்படித் தெரியும்? நிழலில் வையுங்கள் என்றேன், எண்ணெய் போடாதீர்கள் என்று சொன்னேனா? இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

"உங்க தலைக்குத் தேச்சிருந்தாலாவது புத்தி குளிர்ந்திருக்கும்" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். பட்டிக்காட்டான் என்றும் சொன்னேன்.

மச்சான் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "தெரியாமப் பண்ணிப் போட்டனுங்க மாப்பிள்ளை" என்றார். பா. சோறு போட்டு வைத்திருந்தாள். சாப்பிடாமல் போய்விட்டார்.

ஆடி 12, திங்கள்

பா. பேசவில்லை. தட்டு வைக்கிற சத்தம்தான் பேச்சு.

ராத்திரிச் சாப்பாட்டின்போது ஒரே ஒரு வார்த்தை. "எங்கண்ணன் மாட்டைக்கூட 'போடா'ன்னு சொன்னதில்லை."

டயரைப் பற்றிக் கேட்க வேண்டியவர்கள்:
சங்ககிரி பஸ்காரர். (கேட்டாயிற்று. அவரிடமே இல்லை. பஸ் அளவு இதற்கு ஆகாது.)
போலீஸ் இன்ஸ்பெக்டரின் ஆர்டர்லி. (கேட்கவே பயம்.)
செவ்வாய்ப்பேட்டை ராவுத்தர், வண்டிச் சாமான் விற்கிறவர். பதில் சொல்லி அனுப்பியிருக்கிறார்: "இன்ஷா அல்லா சண்டை முடிந்ததும்." சண்டை தை மாதத்துக்குள் முடியுமா, ராவுத்தரே?

ஆடி 14, புதன்

காற்று. புழுதி. ஆஸ்பத்திரி அரை நாள்.

பழைய டயரையே கழற்றி உள்ளே கித்தான் ஒட்டிப் பார்ப்பது என்று முடிவு. சக்கரத்தைக் கழற்றி வாசலில் சாக்கு விரித்துப் போட்டேன். காற்றைப் பிடுங்கி, அரப்பைக் கரைத்து ஓரமெல்லாம் தடவினேன். தலைக்குத் தேய்க்கிற அரப்பு மாதிரி வழுக்குவது வேறெதுவும் கிடையாது. இரண்டு இரும்பு நெம்புகோல்.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எதிர்ப்பக்கம் டயர் மேல் ஏறி மிதித்து, ஓரத்தைச் சக்கரத்தின் பள்ளத்தில் இறக்கி நிற்க வேண்டும். அப்போதுதான் இந்தப் பக்கம் தளர்ந்து நெம்புகோல் உள்ளே போகும். வண்டி வாங்கின புதிதில், முதல் தடவை பா. மாட்டேன் என்றாள். ஆயுத பூசைக்குச் சந்தனம் வைக்கிற பொருளைக் காலால் மிதிப்பதா? அரை மணி நேரம் கெஞ்சினேன். பிறகு குனிந்து டயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். பொதுக்கென்று இறங்கியது. அன்றைக்கு அவள் நல்ல வாட்டசாட்டம். "எனக்குக் கூலி என்னுங்க?" என்றாள். சந்தையிலிருந்து ஒரு டப்பா முகப்பவுடர் வாங்கி வந்தேன். பாதி அவள் முகத்துக்கு, பாதி ட்யூபுக்கு. ட்யூபுக்குப் பவுடர் போடாவிட்டால் டயரோடு ஒட்டிக்கொள்ளும். அதிலிருந்து இந்த வீட்டில் பவுடர் டப்பா வந்தால், "இது எனக்குங்களா, உங்க மூத்தாளுக்குங்களா?" என்று வண்டியைக் காட்டிக் கேட்பாள்.

இன்றைக்கும் தொட்டுக் கும்பிட்டாள். இரண்டு நாளாகப் பேசாதவள் கூப்பிட்டதும் வந்துவிட்டாள், அதுவே பெரிது. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

"மிதி."

"மிதிக்கறனுங்க."

"நல்லா மிதி பாவாயி, இறங்கவே இல்லை!"

"ரெண்டு காலையும் வெச்சுத்தான் நிக்கறனுங்க."

நிமிர்ந்து பார்த்தேன். நின்றுகொண்டுதான் இருந்தாள், முழு பாரத்தையும் போட்டு. டயர் அசையவில்லை.

ஆஸ்பத்திரித் தராசில் அவளை எடை போட்டபோது எண்ணிக்கையைத்தான் பார்த்தேன். வாசலில் அவளைப் பார்த்தேன். "எட்டு மாசம் சும்மா கிடந்து ரப்பர் இறுகிப் போச்சு" என்றேன். அவள் தன் பாதத்தைப் பார்த்தாள். இறங்கி, அரப்புக் கரைசலைக் காலிலிருந்து கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

சக்கரம் அப்படியே கிடக்கிறது. அழுதேன். எழுதி வைக்க வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் அழுதேன்.

ஆடி 16, வெள்ளி

மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால், வாசலில் மச்சான். சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து, வெடிப்புக்குள் விரலை விட்டு அளந்துகொண்டிருக்கிறார். பக்கத்தில் ஒரு தோல் துண்டு.

அவராகவே ஆரம்பித்தார். "சண்டை போட வல்லீங்க மாப்பிள்ளை. புதுச் சாலோட வால்தோல்ல கொஞ்சம் அறுத்துக்கிட்டு வந்தனுங்க. ஓரத்தை வெத்தலையாட்டம் சீவியிருக்குது, ட்யூபைக் கடிக்காது. உள்ளுக்குள்ள கொடுத்தா வெடிப்புத் தாங்கும்னு மனசுக்குப் பட்டுச்சு. எண்ணெய் போடலீங்க. ஒரு சொட்டுப் போடலீங்க."

ஆடியில் கிணறு இறைக்கிற காலத்தில் புதுச் சாலை அறுத்துக்கொண்டு வந்திருக்கிறார் மனுஷன். அதை இனிமேல் ஒட்டுப்போட்டுத்தான் இறைக்க வேண்டும். நான் பட்டிக்காட்டான் என்று சொன்ன ஆள்.

"நான் பேசினது தப்பு மச்சான்" என்றேன்.

"அதுங்கெடக்குது உடுங்க. அம்மிணி எதுக்குங்க இப்படித் துரும்பா ஆயிருச்சு?"

குடல் புண் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. புளிய மரத்தடிக்குக் கூட்டிப் போய் உள்ளதைச் சொன்னேன். துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை. ரோட்டில் போன வண்டிக்காரன் நிறுத்தி, "எழவுங்களா?" என்று கேட்டான். போப்பா என்றேன்.

மச்சான் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ஞாயித்துக்கெழமைக்கு இது ஓடோணுமுங்க" என்றார். அவ்வளவுதான். அவர் ஏறி மிதித்தார், பொத்தென்று இறங்கியது. நெம்பினேன். பழைய டயர் ஒரு பக்கம் வெளியே வந்தது. தோலை உள்ளே படிய வைத்து, இருந்த பவுடரை எல்லாம் கொட்டினேன். பா. வாசற்படியில் உட்கார்ந்து, "பாத்து வெரலு, பாத்து வெரலு" என்று எங்கள் இரண்டு பேரையும் மேய்த்தாள்.

"அண்ணா, கண்ணு ஏன் செவந்து கெடக்குது?"

"அரப்புத்தூள் உளுந்துருச்சு அம்மிணி."

"ரெண்டு பேருக்குமா?"

மச்சான் குனிந்து பம்பை அடித்தார்.

ஆடி 17, சனி

இரண்டு தடவை காற்றுப் பார்த்தேன். நிற்கிறது. ஊர்க் கோட்டை வரை ஓட்டினேன். வெடிப்பு உள்ள இடம் வரும்போதெல்லாம் பின்னால் ஒரு சின்னத் தூக்கல், நொண்டுகிற மாதிரி. ஓடும்.

பின் சீட்டுக்கு இரண்டு மடிப்பு ஜமக்காளம். பா. எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு என்று அடுக்குகிறாள். சாப்பிடுவது நானும் மச்சானும்தான். மச்சான் மாட்டு வண்டியில் முன்னாலேயே கிளம்பிவிட்டார், வழியில் நாங்கள் நின்றுபோனால் ஏற்றிக்கொள்ளவாம். விவரமான ஆள்.

ஆடி 18, ஞாயிறு

போய் வந்தோம். போய் வந்தோம்!

காவிரி கரை தொட்டு, செம்மண் நிறத்தில். படித்துறையில் கால் வைக்க இடமில்லை. மெதுவாகத்தான் ஓட்டினேன், வழியெல்லாம் பின் சக்கரத்தின் மேலேயே காது. டயர் பார்த்துக்கொண்டது. அவள் ஒருக்களித்து உட்கார்ந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். முன்பெல்லாம் திருப்பத்தில் அவள் பாரத்துக்குத் தகுந்தபடி நான் சாய வேண்டும். இன்றைக்குப் பின்னால் ஆள் இருக்கிறாளா என்று இரண்டு தடவை கையைத் தொட்டுப் பார்த்தேன்.

தண்ணீரில் முழங்கால் வரை நின்றாள். காதோலை கருகமணி விட்டாள். புதுத் தாலிக் கயிற்றை முன்பின் தெரியாத ஒரு பெரியம்மா கட்டிவிட்டு, மஞ்சள் பூசி, "தீர்க்க சுமங்கலியா இரு சாமி" என்றாள். எல்லாரும் சொல்கிற வாழ்த்துதான். பா. குனிந்து கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். அந்தப் பெரியம்மாவின் வாக்குப் பலிக்கத்தான் போகிறது. எனக்கு முன்னால் அவள் மஞ்சள் குங்குமத்தோடு போய்விடுவாள். கரையில் நிற்க முடியாமல் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டேன்.

தேங்காய்ச் சோறு இரண்டு வாய் சாப்பிட்டாள். மச்சான் மூன்று இலை.

திரும்புகையில் வெயில் தாழ்ந்திருந்தது. காற்று எதிர்க்காற்று. என் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு வந்தாள். அணியாபுரம் தாண்டினதும்:

"ஏனுங்க. இனி டயர் மாத்தறப்ப எங்கண்ணனைக் கூப்புட்டுக்கங்க. ஒண்டியா மல்லுக்கட்டாதீங்க."

இன்ஜின் சத்தத்தில் காதில் விழாத மாதிரி ஓட்டினேன்.

எட்டி என் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, நிதானமாக, இன்னொரு தடவை சொன்னாள்.

சரி என்றேன்.