பன்னிரண்டாவது சதுரத்தின் பேய்

ஸ்லைகோ, அயர்லாந்து
செப்டம்பர் 30

அன்பு மகள் கிளோடாவுக்கு,

1. இக்கடிதத்தை எழுதுபவன் ஃபெர்கஸ் டெவானி, வயது எழுபத்திரண்டு, நாற்பத்தொரு ஆண்டுகள் வழக்கறிஞர் தொழில் செய்து ஓய்வு பெற்றவன், உன் தந்தை.

2. இதில் கூறப்படுபவை நான் நேரில் கண்டவை, அல்லது உன் தாய் நோரின் என்னிடம் சொன்னவை. ஊகம் வரும் இடத்தில் ஊகம் என்றே குறித்திருக்கிறேன்.

3. இத்துடன் வரும் பார்சலில் பேய்வேடத் திருநாளான ஹாலோவீனுக்காகப் பேத்தி மேவுக்குப் பின்னிய போர்வை இருக்கிறது. கொக்கி ஊசியால் பின்னிய அதன் பன்னிரண்டு குரோஷா சதுரங்களில் பதினொன்று உன் தாய் பின்னியவை. பன்னிரண்டாவது நான் பின்னியது. அது ஏன் அவ்வாறு நேர்ந்தது என்பதே இக்கடிதத்தின் பொருள்.

வெலிங்டனில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே இங்கு எங்கள் அன்றாட நினைப்பு. நான் நலம். அம்மா பெரும்பாலும் நலம். 'பெரும்பாலும்' என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டிருக்கிறேன், ஆகவே உன்னைக் காக்க வைக்காமல் செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜூலையிலிருந்து அவளுடைய வலது கை நடுங்குகிறது. பார்க்கின்சன் நோயின் தொடக்கம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். உடனடியாக அஞ்ச வேண்டியது எதுவும் இல்லை, நாளொன்றுக்கு மூன்று மாத்திரை, பல ஆண்டுகள் நன்றாகவே நடமாடலாம் என்றார். அதை எழுதித் தரும்படி கேட்டேன், தந்தார், நகல் இத்துடன் இருக்கிறது. இப்போது உட்கார்ந்து மீதியைப் படி.

நான் இதை அறிந்தது எப்படி என்றால், ஆகஸ்ட் கடைசியில் பார்சலின் அளவை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம் என்று, முடிந்திருந்த பதினொரு சதுரங்களையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி அடிக்கோலால் அளந்தேன். வௌவால், பூசணி, கறுப்புப் பூனை, மண்டையோடு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம், ஓரமெல்லாம் ஆரஞ்சு நிறம். முதல் ஏழிலும் ஒரு குறையும் இல்லை. எட்டாவதிலிருந்து சில கொத்துகளில் மூன்றுக்குப் பதில் இரண்டே தையல். ஓரிடத்தில் நூல் தளர்ந்தும் மறு இடத்தில் இழுபட்டும் இருந்தது. பதினொன்றாவதில் இருந்த சிலந்திக்கு ஏழே கால்கள். உன் தாய் முப்பது ஆண்டுகளாகக் கண்ணை மூடிக்கொண்டு பின்னுகிறவள். நான் சிலந்தியைக் காட்டிக் கேட்டபோது, "சண்டையில ஒரு கால் போச்சு, அதுக்கு நானா பொறுப்பு?" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள். சிறிது நேரத்தில் இரண்டு கோப்பைத் தேநீருடன் வந்தாள், என் கோப்பை நிறைந்திருந்தது, அவளுடையது பாதிதான் இருந்தது, அதையும் இடது கையில் பிடித்திருந்தாள். நான் அடிக்கோலைக் கீழே வைத்தேன். அவளே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சரி, குறுக்கு விசாரணையை ஆரம்பிங்க வக்கீலய்யா" என்றாள். மறு வாரம் இருவரும் மருத்துவமனைக்குப் போனோம்.

பன்னிரண்டாவது சதுரத்தில் பேய் வர வேண்டியிருந்தது. அதைத் தன் கடையிலேயே பின்னித் தருவதாக நூல்கடை பெர்னடெட் சொன்னாள். அம்மா ஒப்பவில்லை. "வெளியாள் எதுக்கு, இந்த வீட்ல இன்னும் ரெண்டு கை சும்மாதான கெடக்கு" என்று என் கைகளைப் பார்த்தாள். ஆகவே செப்டம்பர் முழுவதும் காலை பத்து மணிக்கு நான் அவளிடம் மாணவனாக உட்கார்ந்தேன். அவள் சொல்வாள், நான் செய்வேன். முதல் முயற்சியில் ஒரு மூலையை விட்டுவிட்டதால் சதுரம் முக்கோணமாக வந்தது. "பரவால்ல, சூனியக்காரி தொப்பின்னு சொல்லிக்கலாம், பிரிங்க" என்றாள். இரண்டாவது சதுரமாகத்தான் வந்தது, ஆனால் மற்றவற்றைவிட இரண்டு விரற்கடை சிறியது. தையல்களை எண்ணினோம், எண்ணிக்கை சரியாகவே இருந்தது. குறை என் பிடியில் இருந்தது. "நூலை ஏன் இப்படி இறுக்குறீங்க? அது என்ன ஜாமீன்ல வந்து ஓடிப்போற ஆளா? விரலுக்கு மேல சும்மா போட்டு விடுங்க, அது எங்கயும் போகாது" என்று அவள் தன் நடுங்கும் கையை என் கைமீது வைத்தாள். வைத்ததும் இரண்டு கைகளும் நடுங்கின. இருவரும் சிரித்துவிட்டோம். அன்று அந்தச் சுற்று சரியாக வந்தது. காரணம் என்ன என்பது ஊகம், எழுதவில்லை.

வெள்ளை நூலில் பேயைத் தனியே பின்னிக் கறுப்புச் சதுரத்தின்மேல் தைத்தேன். "இது யாரையும் பயமுறுத்தாது, கையெழுத்து வாங்க வந்து வாசல்ல நிக்கிற குமாஸ்தா மாதிரி இருக்கு" என்பது உன் தாயின் தீர்ப்பு. கண்களுக்குப் பொத்தான் வைக்கவில்லை, குழந்தை வாயில் போட்டுவிடக்கூடும் என்று நூலாலேயே தைத்திருக்கிறேன். போர்வையை வெந்நீரில் துவைக்காதே. ஹாலோவீன் அன்று பார்ம்பிராக் பழரொட்டி சுடுவாயானால் வழக்கப்படி அதிர்ஷ்டத்துக்காக உள்ளே வைக்கும் மோதிரத்தைக் கனத்த காகிதத்தில் சுற்றி வை, மேவின் துண்டை நீயே வெட்டிப் பார்த்துக் கொடு.

இனி முக்கியமானதற்கு வருகிறேன். உன்னிடம் தொலைபேசியில் இதைச் சொல்லக்கூடாது என்று உன் தாய் என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாள். நான் இடுப்பெலும்பு முறிந்து கிடந்த ஆண்டு நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வந்ததை அவள் மறக்கவில்லை. இம்முறையும் அப்படிச் செய்வாய் என்பது அவள் அச்சம். கடிதம் தொலைபேசி ஆகாது என்று நான் வாதிட்டிருக்கலாம். அத்தகைய வாதங்களால்தான் நான் இத்தனை காலம் பிழைத்தேன். ஆயினும் நாற்பத்தாறு ஆண்டு உடன் வாழ்ந்தவளிடம் அந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட மனம் வரவில்லை. எழுதியவரை இக்கடிதத்தை இன்று காலை அவளிடமே படிக்கக் கொடுத்தேன். வேண்டாம் என்றால் கிழித்துவிடுவதாகவும் சொன்னேன்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். சதுரங்களை இணைத்துப் போர்வையை முழுதாகத் தைத்து எடுத்து வந்திருந்த பெர்னடெட் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள். சிலந்தியின் எட்டாவது காலை நானே பின்னிச் சேர்த்துவிடட்டுமா என்று கேட்டேன். உன் தாய் மறுத்துத் தலையசைத்தாள். "வேணாம். மேவ் எதைப் பாத்தாலும் எண்ணுவா. ஏன் ஏழுன்னு போன்ல கேப்பா. கேட்டா நான் உண்மையத்தான் சொல்லியிருப்பேன், அதுக்காகத்தான் அப்பவே பிரிக்காம விட்டேன். நீங்க முந்திக்கிட்டீங்க" என்றாள். கடிதத்தைக் கிழிக்கவில்லை. "கிளோடாவோட அப்பாவுக்கு அவளைப் பாக்கணும்னு இருக்குன்னு இதுல எங்க எழுதியிருக்கு? நகல் வச்சீங்க, மோதிரத்துக்குக் காகிதம் சுத்தச் சொன்னீங்க, அதைக் காணோம்" என்று மட்டும் கேட்டாள்.

ஆகவே எழுதுகிறேன். வேலையை விடாதே. விடுமுறை கிடைக்கும்போது குழந்தையையும் அழைத்துக்கொண்டு வா. உன்னைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. வாழ்நாளில் நிபந்தனை எதுவும் சேர்க்காமல் நான் எழுதும் வாக்கியம் இது ஒன்றுதான்.

ஞாயிறு மாலை வழக்கம்போல் அழை, முதலில் அம்மாவிடம் பேசு, அழுவதானால் அழு, ஆனால் அதற்குப் பின் சிலந்தியைப் பற்றி அவளைக் கேலி செய்ய மறவாதே, அதை அவள் எதிர்பார்ப்பாள். நீங்கள் மூவரும் நோய்நொடியின்றி நெடுங்காலம் நிறைவாக வாழ இறைவன் அருளட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஃபெர்கஸ் டெவானி

சாட்சிகள்:

1. பெர்னடெட் கானொலி, நூல்கடை உரிமையாளர்.

2. நோரின் டெவானி. (விஷயத்தில் சம்பந்தப்பட்டவர் சாட்சியாகக் கூடாது என்று ஆட்சேபித்தேன், தள்ளுபடி ஆனது. கையெழுத்தை இடது கையால் போடலாமே என்றேன். "வலது கையாலதான் போடுவேன், எப்படி இருக்குன்னு எம்பொண்ணு பாத்துக்கட்டும்" என்றாள். மேலே உள்ள கையெழுத்து அவளுடையதே. எழுத்துகள் கோணியிருக்கின்றன, ஒன்றும் விடுபடவில்லை. எண்ணிப் பார்த்தேன்.)