பத்து என்று எழுதிய காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், உன் இருமல் விட்டிருக்கும் என்று நம்புகிறோம். நலம் என்று முழுசாக எழுத இந்த மாதம் கை வரவில்லை, அதனால் அதோடு விடுகிறேன். அடுக்களைக் குழாயை ஒருவழியாகச் சரி செய்துவிட்டார்கள். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மருந்தை மட்டும் நேரத்துக்குச் சாப்பிடுகிறாள்.

மாமா கடலில் போன செய்தி வந்த அன்று நீ போனில், "உங்களுக்கு முன்னாடியே தெரியாதாப்பா?" என்று கேட்டாய். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. மூன்று வாரமாக அந்தக் கேள்வியோடுதான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். பதிலை எழுதிவிடுகிறேன்.

சூரியன்மேல் கரும்புள்ளிகள் இருக்கும் இடத்தில் காந்தம் எப்படிப் புரண்டு கிடக்கிறது என்று தினமும் படத்தில் பார்த்து, இன்றைக்கு அங்கே பெரிதாக வெடிக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று ஓர் எண் போடுவதுதான் என் வேலை, உனக்குத் தெரிந்ததுதான். வெடித்துவிட்டால் சொல்லி எச்சரிக்க நேரமே கிடையாது. வெளிச்சம் வந்து சேரும் அதே எட்டு நிமிடத்தில் அதுவும் வந்து, பகலாக இருக்கும் பக்கமெல்லாம் சிற்றலை ரேடியோவை ஊமையாக்கிவிடும். அதனால் காலையில் போடுகிற எண்தான் எல்லாம். துறைமுகத்தில் முக்கால்வாசிப் பேர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. உன் மாமா ஒருவர்தான் தீவுகளுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு கிளம்பும் ஒவ்வொரு முறையும் எனக்குப் போன் போட்டு, "ஜோசியரே, உங்க சூரியன் இன்னைக்கு எந்த மூட்ல இருக்கு?" என்று கேட்பார். முப்பதுக்கு மேல் சொன்னால் ஒரு நாள் தள்ளிப் போடுவார். ஆழ்கடலுக்குப் போய்விட்டால் அந்த ரேடியோ ஒன்றுதான் அவருக்குத் துணை.

அன்று காலை படத்தில் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு எதிர்த் துருவங்கள் ஒன்றையொன்று நெருக்கி, நடுவில் கோடு முறுக்கின கயிறு மாதிரி கிடந்தது. என்னோடு வேலை பார்க்கிற அம்மாள், எதையும் இரண்டு தடவை கேட்பதால் நாங்கள் 'சந்தேகம்' என்று கூப்பிடுவோமே, அவர், "முப்பத்தஞ்சு போடலாம் சார்" என்றார். எனக்கும் மனதில் அதுதான் இருந்தது. ஆனால் அதற்கு முந்தின வாரம் இரண்டு நாள் நாற்பது போட்டு ஒன்றும் நடக்கவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். மேலதிகாரி, "தினமும் பயமுறுத்தினா எவன் கேப்பான்?" என்றார். இன்னொரு தடவை அசடு வழிய எனக்கு மனமில்லை, பாப்பா. பத்து என்று எழுதினேன். மாமா கேட்டபோது, "சாதுவா இருக்கு, போயிட்டு வாப்பா" என்றேன்.

பகல் பதினொன்றே முக்காலுக்கு வெடித்தது. ஐம்பது நிமிடம் ரேடியோ செத்துக் கிடந்தது. அந்த நேரத்தில்தான் துறைமுகத்திலிருந்து சூறைக்காற்று வருகிறது, பக்கத்துத் தீவில் ஒதுங்குங்கள் என்று மூன்று தடவை வாசித்திருக்கிறார்கள். ரேடியோ திரும்பிய பிறகு மாமாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், பதில் இல்லை. நாலாம் நாள் படகு மட்டும் கிடைத்தது.

எல்லாரும் என்னைத்தான் தேற்றுகிறார்கள், சூரியனை யாரால் சொல்ல முடியும் என்று. விசாரணைக்கும் அப்படியே எழுதிக் கொடுத்துவிடலாம் என்றார் மேலதிகாரி. நான் மனதில் முப்பத்தைந்து இருந்ததையும் பத்து எழுதியதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். காலை எண்ணை இப்போது 'சந்தேகம்'தான் போடுகிறார், நானே கேட்டுக்கொண்டதுதான். முப்பத்தைந்து என்றாலும் வெடிக்காமல் போகத்தான் வாய்ப்பு அதிகம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் மாமா கரையில் இருந்திருப்பார்.

அம்மாவிடம் போன வாரம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "கடைசியா பேசும்போது சிரிச்சானா?" என்று மட்டும் கேட்டாள். சிரித்தான் என்றேன். மீதித் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்குச் சோறு போடுகிறாள், ஆனால் கூட உட்காருவதில்லை. மாமா வீட்டுக்குப் போய் அத்தையிடமும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். "சொல்லி உங்க பாரத்தை இறக்கிட்டீங்க, நான் இதை எங்க கொண்டுபோய் இறக்கறது?" என்றாள். உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டதும் அந்த வார்த்தைக்குப் பயந்துதான். ஆனால் நீ கேட்டாய், கேட்ட பிள்ளைக்குப் பொய் சொல்லிவிட்டு அப்பா என்று கையெழுத்துப் போட முடியவில்லை.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நேரத்துக்குச் சாப்பிடு. வேலையில் உனக்குப் பட்டதை, யார் சிரித்தாலும், பட்டபடியே சொல். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், எந்தக் குறையும் உன்னை அண்டக் கூடாது. என்னோடு பேசத் தோன்றுகிறபோது பேசு, நாளானாலும் நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி, அம்மாவுக்கு அவள் தம்பி போன் செய்கிற நேரம். இப்போதும் அந்த நேரத்துக்கு அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நீ அப்போது கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பா