சாய ரத்தமும் கந்தன் சித்தப்பாவின் கையும்

பிள்ளையார்பாளையம்
21.8.2005

அன்பு மகன் சத்யராஜுக்கு அம்மா மரியம்மாள் சொல்ல, தங்கை கலையரசி எழுதுவது. அப்பா உயிரோடு நலம், அதை முதலில் எழுது என்றாள் அம்மா. நீயும் ஷார்ஜாவில் வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் தலைக்குத் துணி கட்டி நலமாக இருக்க வேண்டும். போனில் நீ கத்துகிறாய், அம்மா அழுகிறாள், பூத்துக்காரர்தான் முழுக் கதையும் கேட்கிறார், அதனால் கடிதம். அம்மா சொல்வதில் பாதி திட்டு. அதில் என் பங்கை மட்டும் கழித்துவிட்டு எழுதுகிறேன்.

தப்பு என்னிடம்தான் தொடங்கியது அண்ணா. தமிழய்யா வேணுகோபால் இந்த வருஷம் செய்யுளை யாரும் ஒப்பிக்க வேண்டாம், படமும் சத்தமும் சேர்த்துக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டி நீங்களே பாடம் நடத்துங்கள் என்று சொல்லிவிட்டார். எனக்கும் ஸுபத்ராவுக்கும் வந்தது வெட்டுப்பட்டுக் கிடக்கும் வீரனைப் பற்றிய பாட்டு. மற்றவர்கள் சினிமா வாளையும் யானையையும் ஒட்டினார்கள். நான் பெயரிலேயே வீரத்தை வைத்திருக்கும் நம் அப்பா வீரபத்திரனை வாசற்படியில் படுக்கவைத்து, சாயப் பட்டறையில் மிஞ்சிய அரக்குச் சாயத்தைக் கழுத்திலிருந்து இடுப்புவரை ஊற்றினேன். லுங்கி கட்டினவன் எந்த ராஜா படையில இருந்தாம்மா என்று கேட்டுக்கொண்டே செத்துக் காட்டினார். ஸுபத்ரா போட்டோ எடுத்து ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்தாள். பட்டுக்குப் போடும் சாயம் படியை விடுமா? மூன்று குடம் ஊற்றியும் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து அப்பா ஆரணிக்குப் போனார், அம்மா வேலைக்கு, நான் பள்ளிக்கு, வீடு பூட்டு. அன்றைக்குத்தான் ஸ்டுடியோவில் பிரிண்டைப் பார்த்த யாரோ ஓரிக்கைக்குப் போய், தாவீது மாமாவிடம் உன் மச்சான வெட்டிப் போட்டுட்டாங்கபா என்றிருக்கிறான். மாமா ஓடி வந்து பார்த்தது பூட்டின கதவையும் சிவந்த படியையும். போன வாரம் சாயம் திட்டுத்திட்டாக ஏறியதற்காகப் பட்டறையில் அப்பாவும் அவர் கூட்டாளி கந்தன் சித்தப்பாவும் சட்டையைப் பிடித்துக்கொண்டது தெருவுக்கே தெரியும். வெட்டியது கந்தன்தான் என்று முடிவு கட்டிய மாமா பூத்திலிருந்து உன்னைத்தான் கூப்பிட்டார். நீ சொன்னது உனக்குத் தெரியும், ஆனாலும் எழுது என்கிறாள் அம்மா: அவன வுடாத மாமா, கைய எடுத்துடு.

கந்தன் சித்தப்பா நூல் காயப்போட்டுக்கொண்டிருந்தாராம். மாமா கையில் இரும்புப் பைப். முதல் அடி முன்கையில், அடுத்தது முழங்கையில், விழுந்த பிறகு விரல்களில். வீரபத்திரன் ஆரணிக்குப் போயிக்கிறான்பா, நான்தான் காத்தால பஸ் ஏத்திவுட்டேன் என்று அலறியிருக்கிறார். பொய் என்று மாமா இன்னும் இரண்டு போட்டார். சாயந்தரம் அப்பா ஆரணியிலிருந்து பூரிப் பொட்டலத்தோடு வந்து இறங்கினார். மாமா இப்போது ஜெயிலில். ஆஸ்பத்திரியில் புருஷன் கட்டிலருகே நின்று அங்கம்மாள் சித்தி அம்மாவிடம் ஒன்றுதான் கேட்டாள், அடிச்சவன் உள்ள இருக்கிறான், அடிக்கச் சொன்னவன் அங்க சம்பளம் வாங்கிக்கினு இருக்கிறானாமா?

வியாழக்கிழமை வகுப்பில் எங்கள் முறை. அப்பா படம் வந்ததும் பையன்கள் விசிலடித்தார்கள். கடைசியில் யார் யார் என்னென்ன செய்தோம் என்று பெயர் போட வேண்டும். போட்டேன். ரத்தம்: கலையரசி. அடி: தாவீது. உத்தரவு: சத்யராஜ், ஷார்ஜா. கை: கந்தன். விசில் நின்றுவிட்டது.

அப்பா தினமும் மதியம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோறு பிசைந்து கந்தன் சித்தப்பாவுக்கு ஊட்டுகிறார். அவர் சோற்றுக்கு மட்டும் வாயைத் திறக்கிறார். லீவு போட்டு வந்து நிற்காதே, முதலில் அவருக்கு உன் கைப்பட எழுது என்கிறாள் அம்மா. அப்பா செத்தாரென்று நினைத்தேன் என்று காரணம் சொல்லாதே. நான்தான் சொன்னேன் என்று மட்டும் எழுது. கர்த்தர் உன் கைகால்களையும், அவற்றுக்கு முன்னால் உன் நாக்கையும் காக்கட்டும். மறக்காமல் எழுத்தைப் பெரிதாகப் போடு. அவரால் தாளைப் பிடிக்க முடியாது, அங்கம்மாள் சித்திதான் கட்டிலுக்கு எதிரே நின்று பிடித்துக் காட்ட வேண்டும்.

உன்னைப் பெற்ற
மரியம்மாள் (ரேகை)